நடைபாதைக்குக் கீழே

கால்டர் நகரத்துக் கடைவீதியில் நடைபாதை வெறும் கூடு. அந்தக் காலத்துக் கடைக்காரர்கள் கரியும் சரக்கும் இறக்கிவைக்க அடியில் அறைகள் கட்டி, வெளிச்சத்துக்காக மேல்தளத்தில் கண்ணாடிச் சில்லுகளைப் பதித்திருந்தார்கள். அதையெல்லாம் மண் கொட்டி மூடி, மேலே மரம் வைத்து, வீதியைப் புதுப்பிக்க நகராட்சி முடிவெடுத்தது. கட்டட உரிமையாளர்கள், குடியிருப்பவர்கள், ஒருவர் விடாமல் கேட்டபிறகுதான் கடப்பாரை இறங்கும் என்று திட்டத்தைப் பார்த்துக்கொண்ட மொரீன் பிடிவாதமாக நின்றாள்.

நூலகத்தில் கூடிய கூட்டத்தில் எல்லோரும் சம்மதம் என்று கை தூக்கினார்கள். முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஆர்வில் மட்டும் தூக்கவில்லை.

"மூட வேணாம்னு நான் சொல்லல. கீழ இருக்கிறவங்ககிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்கன்றேன்."

"கீழ யாரு இருக்கா, எலியா?" என்றான் பழைய வங்கிக் கட்டடத்தை வாங்கியிருந்த டென்னிஸ். "ஒழுங்கா வரி கட்டுதா?"

சிரிப்பு அடங்கும்வரை ஆர்வில் மடியிலிருந்த தொப்பியைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நடக்கிறாங்கப்பா. நான் நின்னாலும் அவங்க நிக்கிறதில்ல. அவங்க பாட்டுக்குப் போய்க்கிட்டிருக்காங்க."

கிழவரைத் தனியாகப் பார்த்துப் பேசி வழிக்குக் கொண்டுவரலாம் என்று ஞாயிறு மதியம் மொரீன் அவர் கடைக்குப் போனாள். வீதியில் ஈ காக்கை இல்லை. பனி புதிதாக விழுந்து கிடந்தது. ஆர்வில் வாசலுக்கு வெளியே கையைக் காட்டினார். கண்ணாடிச் சில்லுகளின் மேல் போய் நின்றாள். உள்ளங்காலில் லேசான அதிர்வு. அடியில் யாரோ செருப்பைத் தேய்த்துக்கொண்டு கடந்து போனார்கள்.

"தண்ணிக் குழாயா இருக்கும்," என்றாள்.

"இருக்கட்டும்மா. இறங்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க."

கடைக்குள் பின்பக்கமிருந்த படியில் இறங்கினாள். பழைய கண்ணாடி ஊதாவாக நிறம் மாறியிருந்ததால் கீழே எல்லாமே கன்றிப்போன நிறத்தில் தெரிந்தது. தரையில் கனத்த தூசி. அதில் அவள் தடம் மட்டும். ஆனால் சத்தம் நடந்துகொண்டிருந்தது, முன்னும் பின்னும், அவசரமில்லாமல்.

மேலே ஓடிவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் வாய் பழக்கத்தில் பேசியது.

"நான் நகராட்சியிலேர்ந்து வர்றேன். இந்த இடத்த மண்ணு போட்டு மூடப்போறோம். அதப்பத்தி நீங்க ஏதாவது சொல்லணும்னா..."

காலடிச் சத்தம் நின்றது. ஒருவருடையது மட்டும் அல்ல, அந்த வீதியின் நீளத்துக்கும் எல்லாமே ஒருசேர நின்றன. எத்தனை பேர் இருந்தார்கள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

பிறகு அத்தனையும் அவளை நோக்கி வந்தன.

சுவரோடு ஒட்டிக்கொண்டாள். நெரிசலில் ஆட்கள் உரசிப் போவதுபோலத் தோளில் குளிர் உரசி உரசிப் போனது. ஒன்று மட்டும் அவள் எதிரில் சற்று நின்றது. நனைந்த கம்பளி வாடை அடித்தது. பிறகு அதுவும் நகர்ந்தது. படிகள் ஒவ்வொன்றாக முனகின. மேலே கடைக்கதவின் மணி ஒலித்து, ஆர்வில் யாரிடமோ மெல்லச் சொல்வது கேட்டது.

"பாத்துப் போங்க, வாசப்படி வழுக்கும்."

மொரீன் ஏறி வந்தபோது அவர் கதவைத் திறந்து பிடித்தபடி, தலையில் தொப்பியில்லாமல் நின்றிருந்தார். வெளியே பனியில் அவள் வந்த தடத்தைத் தவிர ஒரு சுவடுகூட விழவில்லை.

"சண்டை போடுவாங்கன்னு நினைச்சேன்," என்றார். "மரியாதையாக் கேட்டதும் கிளம்பிட்டாங்க."

"எங்க போறாங்க?"

"என்னைக் கேட்டா? அத நீங்கல்ல கேட்டிருக்கணும்."

அவள் கேட்டிருக்கவில்லை. எந்தக் கூட்டத்திலும் யாரிடமும் அதை அவள் கேட்டதில்லை.

வசந்தத்தில் மண் நிரப்பினார்கள். மரங்கள் நன்றாக வேர் பிடித்தன. ஊருக்குப் பாராட்டு கிடைத்தது, டென்னிஸ் வாடகையை உயர்த்தினான். இலையுதிர்காலத்தில் ஆர்வில் கடையைக் காலி செய்துகொண்டு மகள் வீட்டுக்குப் புறப்பட்டார்.

"இப்பல்லாம் கத்தரிக்கோல் சத்தம் மட்டும்தாம்மா கேக்குது," என்றார் வண்டியில் ஏறும்போது. "அது எனக்கு ஒத்துக்கல."

மொரீன் இன்னும் அந்த வீதி வழியாகத்தான் வேலைக்குப் போகிறாள். புது நடைபாதையில் ஏறுவதில்லை. கார்கள் ஒலியெழுப்பினாலும் சாலையோரமாகவே நடக்கிறாள்.