ஞாயிற்றுக்கிழமை மழை: 41.6 மில்லிமீட்டர்

1

இந்தக் கதை பிறந்தது ஒரு போன் அழைப்பில். பள்ளிப் பிள்ளைகளுக்கான அறிவியல் இதழ் ஒன்றை நடத்தும் ஆர்த்தி கூப்பிட்டு, “பூமியோட காலநிலை வகைகள், அது மாறுறதுக்கான காரணங்கள், ரெண்டையும் ஒரு கதையா எழுதிக் குடுங்க சார். நீங்க மழை அளக்குற வேலையில இருந்தவர்தானே” என்றார். ஒத்துக்கொண்டேன். ஓய்வு பெற்றவனிடம் யார் எதைக் கேட்டாலும் தலையாட்டிவிடுகிறான்.

முதல் வரி இது: பூமியை வெப்பமண்டலம், வறண்ட மண்டலம், மிதவெப்ப மண்டலம், கண்ட மண்டலம், துருவ மண்டலம் என ஐந்து வகையாகப் பிரிக்கலாம். நமது பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இதில் முதல் இரண்டுக்கும் நடுவே

அதோடு பேனா நின்றுவிட்டது. ஓர் ஊர் எந்த வகை என்று சொல்வது முப்பது ஆண்டுச் சராசரி. அந்தச் சராசரிக்குள் நான் எழுதிய எண்களும் கிடக்கின்றன. அளந்து எழுதியவை உண்டு, அளக்காமல் எழுதியவையும் உண்டு.*

(* எப்போது எழுத ஆரம்பித்தீர்கள் என்று கேட்பவர்களிடம் ஓய்வுக்குப் பிறகு என்று சொல்லி வந்தேன். பொய். என் முதல் புனைவு மழைப் பதிவேட்டில் இருக்கிறது.)

2

நான் வேலை பார்த்த ஆபீஸின் பெயரைச் சொல்ல மாட்டேன். குரும்பலூர்ப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்புறம் ஒரு மழைமானி. மேலே புனல், உள்ளே பாட்டில். தினமும் காலை எட்டரைக்குப் பாட்டிலில் இருப்பதை அளந்து, பதிவேட்டில் அன்றைய கட்டத்தில் எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் கிடையாது. ஆனால் பதிவேட்டில் ஞாயிற்றுக்கும் கட்டம் உண்டு.

நான் அரியலூரிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறவன். அந்த நவம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் அரியலூரில் நல்ல மழை. எங்கள் மொட்டை மாடி வாளியில் இரண்டு விரல் தண்ணீர் நின்றது. திங்கட்கிழமை ஆபீஸுக்குப் போனேன். மழைமானியைத் திறக்கச் சோம்பல். சனி சாயங்கால மழை ஞாயிறு காலைக் கணக்கில்தான் வரும்; இங்கேயும் பெய்திருக்கும் என்று ஞாயிறு கட்டத்தை நிரப்பினேன். 40 என்று எழுதினால் உத்தேசம் என்று தெரிந்துவிடும். 41.6 என்று எழுதினேன். அந்தப் புள்ளி ஆறுக்காக அன்றைக்குக் கொஞ்சம் பெருமைகூடப் பட்டேன்.

[இங்கே வாசகருக்கு என்மேல் இரக்கம் வருகிற மாதிரி ஒரு பத்தி இருந்தது. மனைவிக்கு உடம்பு சரியில்லை, பஸ் தாமதம், இப்படி. அடித்துவிட்டேன். சோம்பல்தான்.]

3

கருப்பண்ணன் எப்படிப்பட்டவர் என்று எனக்குச் சரியாகத் தெரியாது. முதல் பிரதியில் அவருக்கு நரைத்த மீசையும் ஈரக் கண்களும் வைத்தேன். நான் பார்த்தவருக்கு மீசையே இல்லை. எங்கள் மழைமானி இருந்த ஊரில் மானாவாரி மக்காச்சோளம் போட்டவர். அந்த வருஷம் கதிர் பிடிக்கும் நேரத்தில் அவர் வயல் காய்ந்துபோனது.

ஊர் வறட்சிப் பட்டியலில் வந்தால் மாட்டுக்குத் தீவனம், அடுத்த விதைப்புக்கு விதை கிடைக்கும். வராவிட்டால் ஒன்றும் கிடையாது. அதற்காகத்தான் குறைதீர் கூட்டத்துக்கு வந்திருந்தார். கையில் ஒரு காய்ந்த சோளத்தட்டை.

அதிகாரி காகிதத்தைப் பார்த்தார். “உங்க ஊர்ல மழைப் பற்றாக்குறை அளவு வறட்சி வரம்பைத் தாண்டலையே. பதினேழாம் தேதி நாப்பத்தொண்ணு புள்ளி ஆறு பெஞ்சிருக்கு.”

“யார் சொன்னாங்க?”

“ரெக்கார்டு சொல்லுது.”

“நான் அந்த ஊர்லதாங்க இருந்தேன். எம் பொண்டாட்டி குஞ்சம்மா சனிக்கிழமை பாறையில வரட்டி தட்டிப் போட்டிருந்தா. ஒரு வரட்டி கரையலைங்க.”

கூட்டத்தில் சிரித்தார்கள். வரட்டியை எந்தப் பதிவேட்டிலும் சேர்க்க முடியாது. பின்வரிசையில் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நான் மனக்கணக்குப் போட்டேன். என் 41.6-ஐ எடுத்துவிட்டால் ஊர் பட்டியலுக்குள் வந்துவிடும். எழுந்து ஒரு வாக்கியம் சொன்னால் போதும். எனக்கு ஓய்வுக்கு ஏழு மாதம் இருந்தது. நான் எழு

4

மறுநாள் கருப்பண்ணன் ஆபீஸுக்கே வந்துவிட்டார்.

“சார், அந்த மழை டப்பாவை ஒரு தடவ பாக்கலாங்களா?”

மறுக்கத் தோன்றவில்லை, கூட்டிப் போனேன். புனலின் வாயில் சிலந்தி வலை. அதன்மேல் வேப்பஞ்சருகு, ஒரு மாதத் தூசி. அவர் குனிந்து பார்த்தார், விரலால் வலையைத் தொட்டார், நிமிர்ந்தார்.

“அப்ப அந்த நாப்பத்தொண்ணு எங்கங்க பேஞ்சுச்சு?”

போன வாரம் எழுதிய பிரதியில் நான் இப்படிச் சொல்கிறேன்: “எங்க வூட்டு மாடியிலங்க. என்னை மன்னிச்சுடுங்க.” படிக்க நன்றாக இருந்தது. நடந்தது வேறு. “ரெக்கார்டுல இருக்குங்க, நான் ஒண்ணும் பண்ண முடியாது” என்றேன். அவர் என் கையிலிருந்த டிபன் பையைப் பார்த்தார்.

“நீங்க எந்த ஊருங்க சார்?”

“அரியலூர்.”

“அங்க நல்ல மழைன்னாங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

5

ஆர்த்தி காரணங்களும் கேட்டிருக்கிறார். சூரியனின் ஏற்ற இறக்கம், எரிமலைப் புகை, பூமியின் சாய்வு, கடல் நீரோட்டம். இவை பழைய காரணங்கள். புதியவை நம்முடையவை: நிலக்கரி, பெட்ரோல், வெட்டிய காடு, சிமெண்ட். அரியலூர் ஒரு காலத்தில் கடல். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் இங்கிருந்த சிப்பிகள் கரியை, அதாவது கார்பனை, தங்கள் ஓட்டுக்குள் பூட்டிவைத்துச் செத்தன. அதுதான் நம் சுண்ணாம்புக்கல். சிமெண்டுக்காக அதைத் தோண்டிச் சூளையில் சுட்டுப் பூட்டை உடைக்கிறோம். கரி காற்றுக்குப் போகிறது, வெயில் ஏறுகிறது, மழை தவறுகிறது.

(பாடம் என்றால் இங்கே முடித்துவிடலாம். கதைக்கு மனிதர் வேண்டும்.)

6

முடிவுகள்.

முதல் முடிவில் கருப்பண்ணன் மருந்து குடிக்கிறார். நீங்கள் அதைத்தான் எதிர்பார்த்தீர்கள். விவசாயி வந்தாலே கடைசிப் பக்கத்தில் பிணம் தேடுகிறோம். அவர் உயிரோடு இருக்கிறார், ஏமாற்றத்துக்கு வருந்துகிறேன்.

இரண்டாவதில் நான் உண்மையை எழுதிக் கொடுக்கிறேன், பட்டியல் திருத்தப்படுகிறது. கடிதம் மேசை இழுப்பறையில் இருக்கிறது. தேதிகூடப் போட்டிருக்கிறேன். அனுப்பவில்லை. கதை என்று சொல்லி அச்சிட்டால் யாரும் விசாரிக்க மாட்டார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

நடந்தது இது. பட்டியலில் ஊர் வரவில்லை. மாடுகளை விற்றார்கள், நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். கருப்பண்ணன் இப்போது அரியலூர்ப் பக்கம் ஒரு சுண்ணாம்புச் சுரங்கத்து வாசலில் செக்யூரிட்டி. மழை தவறியதால் வயலை விட்டவர், மழையைத் தவறவைக்கும் கல் ஏற்றிய லாரிகளுக்குக் கதவு திறந்துவிடுகிறார். ஆர்த்திக்குப் படம் போட வசதியான வட்டம். அந்த வட்டத்தில் என்னை எங்கே வரைவார்கள் என்று தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டில் அடிக்கடி எதிர்ப்படுகிறார். நீலச் சட்டை, தோளில் விசில் கயிறு. ஒரு தடவையும் கோபப்பட்டதில்லை. சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கும்போதும் நின்று ஒன்றே ஒன்றுதான் கேட்கிறார்.

“சார், உங்க வூட்ல மழைங்களா?”

நான் வெட்கத்தால் குறுகிப்போகிறேன். வருகிற முதல் பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்.

7

முடிவை நான் எழுதப்போவதில்லை. என் கை எதை எழுதும் என்று உங்களுக்கே தெரியும். அந்த ஞாயிறு கட்டத்தை அப்படியே பெயர்த்து உங்களுக்குத் தருகிறேன். நீங்களும் அன்று அங்கே இல்லை. நீங்களும் வேறோர் ஊரில் உட்கார்ந்துதான் இதைப் படிக்கிறீர்கள். எழுதுவதற்கு முன், குஞ்சம்மாளின் வரட்டி காய்ந்திருந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

17, ஞாயிறு: ………… மி.மீ.