தொப்பிக்கு விட்ட உயரம்

அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கம்பெனிகள் உயர்ந்த ரகக் கார் என்றால் சக்கரத்தையும் எஞ்சினையும்தான் விற்கும். மேல்கூடு வாங்கினவர் பாடு. கூடு கட்டுவதில் லெவல்லுவா ஊரில் பார்பான்சோனை மிஞ்ச ஆள் இல்லை. தாழ்ந்து வளைந்த கூரைதான் அவர் கைவரிசை.

சோவெர்னி பிரபுவின் ஆறு சிலிண்டர் காரில்தான் அது செல்லவில்லை. உள்ளே உட்கார்ந்தாலும் பட்டுத்தொப்பியைக் கழற்றமாட்டேன் என்று பிரபு ஒற்றைக்காலில் நின்றார்.

"இது காரா, துணி அலமாரியா பிரபு? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும்யா. குனிஞ்சு உட்காரணும்னா நான் டிராம்லயே போகமாட்டேனா?"

கூரை ஒரு முழம் உயர்ந்தது. அளவு பார்க்க வந்த பழைய தொப்பி பட்டறையிலேயே தங்கிவிட்டது.

1914 செப்டம்பரில், போர் மூண்ட கையோடு, ராணுவம் அந்தக் காரைப் பிடித்து, ஆம்புலன்ஸாக மாற்றச் சொல்லி பார்பான்சோன் வாசலிலேயே நிறுத்தியது.

"கூட்டைப் பத்திரமா இறக்கி வச்சுட்டு, கித்தான் கூண்டு மாட்டித் தரேன் டாக்டர். மூணு நாள்," என்றார் பார்பான்சோன். பேரத்தில் அவர் தோற்றதே கிடையாது.

ராணுவ டாக்டர் லகாஸின் சட்டைக் கையில் ரத்தம் காய்ந்திருந்தது. "ஸ்டேஷன்ல முந்நூறு பேர் வைக்கோல்மேல கிடக்காங்க. மூணு நாள் கழிச்சுன்னா எனக்கு வண்டி எதுக்கு? மண்வெட்டி போதும்."

பார்பான்சோன் பட்டறைக் கதவை விரியத் திறந்தார். ஸ்ட்ரெச்சர் நுழையப் பின்பக்கத்தை அறுத்தாக வேண்டும். மேஸ்திரி ஃபிர்மான் ரம்பத்தை எடுத்தான்.

"குடுடா இங்கே. பெத்தவன் நான் இருக்கேன்."

பதினெட்டுப் பூச்சு வார்னிஷும் மாவாய் உதிர்ந்தது. அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

பக்கத்துக்கு இரண்டு தட்டு மாட்டினார்கள். நாலு பேருக்கு இடம். மேலே இன்னும் வெளி மிச்சமிருந்தது. பார்பான்சோன் பக்கத்துக்கு மூன்றாவது தட்டையும் வைத்து, படுத்தவன் முகம் வரும் இடத்தில் பிரபுவின் தொப்பியை நிறுத்தினார். கூரை இடிக்கவில்லை.

"ஆறு பேர்," என்றார் டாக்டர்.

சாயங்காலம் ஸ்டேஷனில் ஆறாவது ஆளை மேல்தட்டுக்கு ஏற்றினார்கள். குடியானவப் பையன். கூரையின் சாம்பல் நிறப் பட்டுத்துணியை விரலால் தொட்டுப் பார்த்தான்.

"இவ்வளவு உசரமா யாருக்குங்கய்யா கட்டினது?"

"உனக்குத்தாம்ப்பா. அளவெடுக்கத்தான் லேட்டாயிடுச்சு," என்றார் கூடவே வந்திருந்த பார்பான்சோன்.

பட்டறைக்குத் திரும்பியபோது அடுத்த கார் காத்திருந்தது. அதுவும் அவர் கட்டியதுதான். கண்காட்சியில் பதக்கம் வாங்கிய தாழ்ந்த கூரை. பார்பான்சோன் மூன்றாவது தட்டு வரும் இடத்தில் தொப்பியை வைத்துப் பார்த்தார். கூரை இடித்தது. மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

"எத்தனை பேர் முதலாளி?" என்றான் ஃபிர்மான்.

"நாலு," என்றார். "நாலே பேர்தான்டா."