வெள்ளைத் துணிக்கு அடியில்

பிற்பகல் இரண்டு மணிக்கு ஒலிப்பதிவு அறைக்குள் நுழைந்த ஹேய்சுகே எல்லோருக்கும் காலை வணக்கம் சொன்னார். அந்தத் தொழிலில் எந்நேரம் வந்தாலும் அதுதான் வணக்கம்.

"காலை வணக்கம், கெண்டி அண்ணே!" கண்ணாடிக்கு அப்பாலிருந்து இயக்குநர் தொகாஷி கையாட்டினான். "இன்னிக்கு ஒரு அயிட்டம் இருக்கு. நீங்களே விழுந்து விழுந்து சிரிப்பீங்க."

கெண்டி என்பது முகத்துக்கு வந்த பெயர். உப்பிய கன்னமும் முன்னால் நீண்ட மூக்குமாக, தேநீர் ஊற்றச் சாய்த்த கெண்டியைப் போலவே இருப்பார். முப்பது வருடங்கள் அந்த முகத்தை வைத்துக்கொண்டு சிரிப்பு நடிகராகப் படிக்கட்டில் உருண்டார், குளியல் தொட்டியில் வழுக்கினார், கதாநாயகனிடம் அறை வாங்கினார். முட்டி தேய்ந்தபின் குரல் சோறு போட்டது. ஞாயிறு மாலை விலங்கு நிகழ்ச்சியில் நீர்நாய் அம்மாவும் பெங்குவினும் அவர் குரலில்தான் பேசின. ஜப்பானில் பாதிப் பிள்ளைகள் அந்தக் குரலைக் கேட்டபடியே இரவுச் சாப்பாடு சாப்பிட்டு வளர்ந்தவர்கள்.

இன்று பதிவாகவிருந்தது புத்தாண்டுச் சொதப்பல் விழா. படப்பிடிப்பில் நடிகர்கள் உளறியதையும் தடுக்கி விழுந்ததையும் தொகுத்துக் காட்டுவார்கள். அவற்றின் மேல் கிண்டலாகப் பின்னணி பேசுவது ஹேய்சுகேயின் வேலை. குடும்பம் குடும்பமாக, அடியில் கணப்பு வைத்த மேசைக்குள் காலை நீட்டி, ஆரஞ்சு உரித்துக்கொண்டு பார்ப்பார்கள்.

திரையில் பதினோராவது துணுக்கு ஓடத் தொடங்கியதும் ஹேய்சுகேயின் கை வசனத் தாளின் மேலேயே நின்றுவிட்டது.

மெத்தையில் ஓர் இளம்பெண்ணின் உடல். பக்கத்தில் மண்டியிட்டு, கறுப்பு உடையில் அவரே.

போன வசந்தத்தில் எடுத்தது அது. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குச் சிரிப்பில்லாத வேடம் கிடைத்திருந்தது. மகளைப் பறிகொடுக்கும் தகப்பன். தொலைக்காட்சி நாடகம், பன்னிரண்டு வாரம் ஓடுவதாக ஏற்பாடு. ஒத்திகையில் அவர் அழவில்லை, படப்பிடிப்புக்காகச் சேர்த்து வைத்திருந்தார். குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, தண்ணீரில் நனைத்து, அந்த ஊர் வழக்கப்படி கடைசித் தண்ணீராக இறந்தவளின் உதட்டை ஈரப்படுத்த வேண்டும். எழுதிக் கொடுத்த வசனத்தை விட்டுவிட்டு, முந்தைய வருடம் ஆஸ்பத்திரியில் மனைவி சுமியேயின் மூச்சு அடங்கிக்கொண்டிருந்தபோது அவளிடம் சொன்னதையே சொன்னார்.

"தொண்டை காயுதா? இரு, இதோ."

பிணமாகக் கிடந்த இளம் நடிகை நாகிசாவின் உதடு துடித்தது. அவர் கவனிக்காததுபோல வெள்ளைத் துணியை எடுத்து அவள் முகத்தை மூடினார். துணி மெல்ல மேலெழுந்தது, தாழ்ந்தது, பிறகு புஸ்ஸென்று உப்பியது. பிணம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தது.

"ஐயோ, மன்னிச்சிடுங்க மாமா! கண்ணை மூடியிருந்தேனா, குரல் மட்டும் வந்துச்சா, அந்த நீர்நாய் அம்மா வந்து பக்கத்துல உட்கார்ந்த மாதிரியே இருந்துது!"

அன்று ஐந்து முறை எடுத்தார்கள். ஐந்து முறையும் பிணம் சிரித்தது. கடைசி முறை விளக்குப் பிடித்தவனும் சிரித்தான். மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை அவர் பிரிப்பதற்குள் நாடக இயக்குநர் வந்து பக்கத்தில் குந்தினார். "தப்பு உங்க மேல இல்லண்ணே, குரல் மேலதான்" என்றார். அடுத்த நாள் வேறொருவர் தகப்பனானார். ஊரே அந்த நடிகரைப் பார்த்து அழுதது.

அந்த ஒளிநாடாவை அழித்திருப்பார்கள் என்று ஹேய்சுகே நம்பியிருந்தார்.

"தொகாஷி," ஒலிவாங்கியில் அழைத்தார். "இதை மட்டும் விட்டுடேன்."

"என்னண்ணே விளையாடறீங்க? இதுதான் நிகழ்ச்சிக்கே உயிரு."

"வேணாம்பா. இது ஒண்ணுதான்... வேணாம்."

கண்ணாடிக்குப் பின்னால் யாரோ ஏதோ சொல்ல, தொகாஷி தலையைச் சொறிந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க. உங்க குரலை அச்சு அசலாப் பேசுற மிமிக்ரிக்காரன் ஒருத்தன் ஒசாக்காவுல இருக்கான். போன மாசமே வந்து பேசிக் காட்டிட்டுப் போனான். நீங்க பேசலன்னா அவன் பேசுவான். எப்படியும் உங்க குரல்தான் வரப்போகுது. அப்புறம் ஞாயித்துக்கிழமை நீர்நாயையும் அவன்கிட்டயே குடுத்துடலாம்னு மேல இருக்கறவங்க சொல்வாங்க. எனக்கு எதுக்கண்ணே அந்தப் பொல்லாப்பு?"

ஹேய்சுகே வெந்நீரை ஒரு மிடறு குடித்தார். முகம் தெரியாத ஒருவன் தன் குரலில் தன்னைப் பார்த்து இளிப்பதை நினைத்துப் பார்த்தார். அதைவிட, ஞாயிறு மாலையில் ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து, தன் குரலில் வேறொருவன் பேசுவதைக் கேட்க வேண்டியிருக்குமே என்று நினைத்தார்.

"ஓட்டு," என்றார்.

மேசையில் பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. திரையில் கெண்டி முகம் குச்சியை நனைத்தது.

"ஆஹா, வந்துட்டாரய்யா சோக சக்கரவர்த்தி! தண்ணி வைக்கிறாரு, பாருங்க. அடடா, பொண்ணு உதடு ஆடுதே! செத்தவளுக்கும் பொறுக்கலையா? மூடு, மூடு, துணியப் போட்டு மூடு! ஐயையோ, துணிக்குப் பிரசவ வலி வந்துடுச்சு!"

கண்ணாடிக்குப் பின்னால் தோள்கள் குலுங்கின. எழுதித் தந்த வரிகள் அதோடு முடிந்தன. துணுக்கில் இன்னும் நான்கு விநாடி மிச்சமிருந்தது. வெற்றிடம் கண்டால் நிரப்பாமல் விடமாட்டார் அவர். முப்பது வருடப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது.

"இந்த ஆளு சொந்தப் பொண்டாட்டி சாகும்போதும் இப்படித்தான் கேட்டிருப்பாரு. அவளும் சிரிச்சுக்கிட்டேதான் போயிருப்பா!"

விளக்கு அணைந்தது. கண்ணாடிக்கு அப்பால் ஒரு கணம் யாரும் அசையவில்லை. சுமியேயின் சாவுக்கு மலர் வளையம் அனுப்பியவர்கள்தான் அங்கே இருந்தார்கள். பிறகு தொகாஷி மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். மற்றவர்களும் தைரியம் வந்து சேர்ந்துகொண்டார்கள்.

ஹேய்சுகேவுக்கு அந்தச் சிரிப்பு எங்கோ தொலைவில் கேட்டது. ஆஸ்பத்திரிக் கட்டில் நினைவுக்கு வந்தது. ஈரப் பஞ்சு பட்டதும் சுமியேயின் உதடும் ஒருமுறை துடித்தது. தன்னை அடையாளம் கண்டுகொண்டாள் என்றுதான் இத்தனை நாளும் எண்ணியிருந்தார். அந்தத் துடிப்பை நம்பித்தான் தினமும் விடிகாலையில் எழுந்து, அவள் படத்துக்கு முன் சோறும் தேநீரும் வைத்துவந்தார். இப்போது திரையில், நாகிசாவின் உதடு துடித்த இடத்தில் படத்தை நிறுத்தியிருந்தார்கள். சிரிப்பை அடக்குவதில் இடது ஓரம் மட்டும் லேசாக மேலே இழுத்திருந்தது.

சுமியேவுக்கும் இடது ஓரம்தான்.

"அண்ணே, பிரமாதம்!" காதுக்கருவியில் தொகாஷியின் குரல் வந்தது. "அந்தக் கடைசி வரி இருக்கே, அதை மட்டும் இன்னொருவாட்டி. கொஞ்சம் தொண்டை அடைச்ச மாதிரி வந்துடுச்சு. நல்லா கலகலன்னு வேணும். அந்த நீர்நாய் மாதிரி."

"சரிப்பா."

சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கன்னத்தை உப்பிக்கொண்டு, மூச்சை இழுத்து, கலகலவென்று சொன்னார்.