சாத்தெனிக் மூச்செடுக்கும் இடம்

ஸாவென் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டபோது, கச்சேரி முடிந்ததும் பதில் சொல்கிறேன் என்றேன். அவருடைய இடது கைச் சுண்டுவிரல் எனக்காகவும் உயருமா என்று அதற்குள் தெரிய வேண்டியிருந்தது.

ஆர்மேனியாவில், கும்ரி நகரத்தில் எங்கள் சேர்ந்திசைக் குழுவை அவர்தான் நடத்துகிறார். பாட்டுகளையும் அவரே எழுதுகிறார். யெரெவானிலும் பெய்ரூத்திலும் பாரிஸிலும் அவற்றைப் பாடுகிறார்கள். எந்தப் பாட்டானாலும் அடியில் ஒரு சுருதி அறுபடாமல் ஓடும். தாழ்ந்த குரல் உள்ள பெண்கள் நாங்கள் அதைப் பிடிக்க வேண்டும். மனிதர்கள் மூச்செடுக்காமல் பாட முடியாதே! அதனால் ஒருத்தி மூச்செடுக்கும்போது பக்கத்தில் நிற்கும் இரண்டு பேரும் குரலைச் சற்று ஏற்றி அந்த ஓட்டையை மூடுவார்கள். யார் எங்கே மூச்செடுப்பாள் என்பது ஸாவெனுக்கு மனப்பாடம். சரியாக அந்த நொடியில் அவருடைய சுண்டுவிரல் லேசாக எழும்பும். பக்கத்தில் நிற்பவர்களுக்கு அதுதான் சைகை.

அந்தச் சுருதியை அவர் தன் மனைவி சாத்தெனிக்கின் குரலுக்காகவே எழுதினார். நான்கு குளிர்காலங்களுக்கு முன் அவள் இதய நோயில் போய்விட்டாள். எங்கள் குழுவில் இறந்தவர் நின்ற இடத்தை ஒரு வருஷம் காலியாக விடுவது வழக்கம். ஸாவென் மூன்று வருஷம் விட்டார். அந்த மூன்று வருஷமும் புதிதாக ஒரு வரி எழுதவில்லை. ஆனால் அவள் மூச்செடுக்கும் இடம் வந்தால் விரல் மட்டும் எழும்பும். இரண்டு பக்கத்திலும் நின்ற க்னாரிக்கும் அர்பினேயும், யாரும் எடுக்காத அந்த மூச்சை மூடக் குரலை ஏற்றுவார்கள். சுருதி அங்கே மட்டும் வீங்கித் தணியும். வெளியூரிலிருந்து கேட்க வந்தவர்கள், "பின்னால ஒரு குரல் வந்துட்டுப் போகுதே, அது யாரு?" என்று விசாரிப்பார்கள்.

போன இலையுதிர் காலத்தில், குழுவில் புதிதாகச் சேர்ந்த என்னை அந்த இடத்தில் நிறுத்தினார். நான் மருந்துக் கடைக்காரி. புருஷன் ரஷ்யாவுக்கு வேலைக்குப் போய், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டவன். விவாகரத்து ஆகிப் பத்து வருஷமாகிறது. ஸாவென் மறுபடி எழுத ஆரம்பித்தார். ஒத்திகை முடிந்து என்னை வீடுவரை கொண்டுவிடும்போது, அன்று எழுதியதை மெல்லப் பாடிக் காட்டுவார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

ஆனால் ஒத்திகையில் என் மூச்சு அவர் கணக்கில் வரவே இல்லை. விரல் சாத்தெனிக்குக்காக எழும்பும். எனக்கு மூச்சு தீரும் இடத்தில் கை வேறெங்கோ இருக்கும். சுருதி அறுந்துபோகும்.

"மருந்துக் கடைல மூச்சுக்கு மாத்திரை இல்லையாடி?" என்பாள் க்னாரிக். சாத்தெனிக்கின் தங்கை அவள்.

"இருக்கு அக்கா. நாக்குக்குத்தான் இல்ல, இருந்தா உங்களுக்குக் கொண்டுவந்திருப்பேன்."

எல்லாரும் சிரிப்பார்கள். ஸாவென் மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார். "மன்னிச்சுக்கோ ஷுஷான். கை தானாப் போகுது."

அவர் பழகுவதைவிட நான் பழகுவது சுலபம் என்று நினைத்தேன். சாத்தெனிக் மூச்செடுக்கும் இடங்களில் நானும் எடுத்தேன். நெஞ்சு நிறைந்திருக்கும்போது இன்னும் இழுத்தேன், காலியாகும்போது அடக்கினேன். சில வாரங்களில் சுருதி ஒட்டிக்கொண்டது. மாடிப்படி ஏறும்போதும் அப்படியே மூச்சு வந்தது. கடையில் வாடிக்கையாளரிடம் பேசும்போது வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுவேன்.

ஒருநாள் இருமல் மருந்து வாங்க வந்த க்னாரிக்கிடம், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நிறுத்து. அப்படிப் பேசாத."

"எப்படி?"

"பாதில நிறுத்தி, மூச்சு வாங்கி... எங்க அக்கா அப்படித்தான் பேசுவா. நீ அவளப் பாத்ததே இல்லையே?"

மருந்தை எடுக்காமலே போய்விட்டாள். நான் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுத்த மூச்சை எப்போது எடுப்பது என்று எனக்கே தெரியவில்லை. அன்று முடிவு செய்தேன். கச்சேரியில் என் இடத்தில்தான் மூச்செடுப்பேன். விரல் எழும்பினால் கல்யாணம். இல்லாவிட்டால் இல்லை.

ஈஸ்டருக்கு மறுநாள், நீத்தார் நாள். காலையில் எல்லாரும் கல்லறைகளுக்குப் போய்ச் சாம்பிராணி போட்டுவிட்டு வந்திருந்தோம். ஆற்றோர மடாலயக் கோயிலில், எங்கள் கறுப்பு உடைகளில் அந்த வாசனையோடு பாட நின்றோம்.

சாத்தெனிக்கின் இடம் வந்தது. விரல் எழும்பியது. சுருதி வீங்கித் தணிந்தது. நான் மூச்செடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் நெஞ்சு எரிந்தது. அவரையே பார்த்தேன். அவர் முகம் மேல்குரல் பெண்கள் பக்கம் திரும்பியிருந்தது. இடது கை அசையவில்லை.

வாயை மூடி மூச்சை இழுத்தேன்.

சுருதி அறுபடவில்லை. மெலியக்கூட இல்லை. நான் நின்ற இடத்திலிருந்தே, என் தோளுக்குப் பின்னாலிருந்து, ஒரு குரல் ஏறி வந்து அதைத் தாங்கியது. ஸாவென் சட்டென்று திரும்பினார். இரண்டு கைகளும் அந்தரத்தில் நின்றுவிட்டன. அவர் கை காட்டாமலே குழு தொடர்ந்து பாடியது. நான் மறுபடி சேர்ந்ததும் அந்தக் குரல் விலகிக்கொண்டது.

பிறகு முற்றத்தில் மேசை போட்டு மீனும் திராட்சை போட்ட சோறும் வைத்தார்கள். க்னாரிக்கின் கையைப் பிடித்தேன்.

"தாங்கினதுக்கு நன்றி அக்கா."

"நானா? நானும் அங்கதான் மூச்செடுத்தேன். அர்பினே பிடிச்சுக்கிட்டான்னு நெனச்சேன்."

ஈஸ்டருக்குச் சாயமிட்ட சிவப்பு முட்டையை உரித்துக்கொண்டிருந்த அர்பினே நிமிர்ந்தாள். "போங்கடி. அழுக வந்து, நான் மூக்கத் துடைச்சுட்டிருந்தேன்."

"பழைய கோயில் கல்லு அது," என்றார் அடிக்குரல் பாடும் மிகிர்திச். "எதையும் வெளிய விடாது. போன வருஷம் நான் தும்மினது இன்னும் உள்ளதான் சுத்திட்டிருக்கு."

யாரும் சிரிக்கவில்லை. அவர் கோப்பையை உயர்த்தினார். இறந்தவர்களுக்கான கோப்பை என்பதால், வழக்கப்படி ஒன்றோடொன்று இடிக்காமல் குடித்தோம்.

ஸாவென் என்னை மதிலோரம் அழைத்துப்போனார்.

"விரல் எழும்பல. தெரியும்," என்றார்.

"எனக்கும் தெரியும்."

இல்லை என்று சொல்லத் தயாராகத்தான் இருந்தேன். அவர் கோயில் கதவைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"கல்லுன்னா சத்தம் தேயும். இது வளந்துது ஷுஷான். இருபது வருஷம் அவ மூச்சத்தான் கேட்டேன். உன்னோடது எங்க வருதுன்னு இன்னிக்குத்தான் கேட்டேன். அவ பிடிச்சுக்கிட்டதாலதான் கேட்டுது. இனி மறக்க மாட்டேன்."

"அப்ப, வீட்டுல நாம ரெண்டு பேர் மட்டும் இருக்க மாட்டோம்."

அவர் பொய் சொல்லியிருக்கலாம். வேறு எந்த ஆணும் சொல்லியிருப்பான்.

"மாட்டோம்," என்றார்.

"மீன் ஆறுது! செத்தவங்க சாப்பிட மாட்டாங்க, நீங்களாவது வாங்க!" என்று க்னாரிக் மேசையிலிருந்து கத்தினாள்.

என்னை விழவிடாமல் தாங்கியவளிடம் எனக்கு என்ன சண்டை என்று தோன்றியது. "சரி," என்றேன், அவரிடம்.

அந்தச் சொல் என் குரலைவிடத் தாழ்ந்து வந்தது. அவ்வளவு தூரத்தில், அவ்வளவு பேச்சுக்கு நடுவில், க்னாரிக் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அன்று கடையில் வெளுத்த அதே முகத்தோடு எங்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.