கைமாத்துக்குக் கட்டம் இல்லை

எங்கள் முதலாளி குடும்பத்துக்கு ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலுமாக நான்கு தோல் கம்பெனிகள். நான்குக்கும் கொள்முதல், சம்பளம், கணக்கு எல்லாவற்றையும் ஒரே ஆபீசில் வைத்து, ஒரே சாஃப்ட்வேரில் போட்டுவிட்டார்கள். அங்கே கொள்முதல் சீட்டில் உட்கார்ந்து நான்கு கம்பெனியின் வசவையும் வாங்கும் பாவி, ஃபீபி, நான்தான்.

அன்று காலை ஆம்பூர் டேனரியின் ஸ்டோர் கீப்பர் கவுஸ் பாஷா போன் செய்தார். சுண்ணாம்பு நீக்கிய ஆட்டுத்தோல் டிரம்மில் சுற்றிக்கொண்டிருக்கிறது, அடுத்து ஆசிட் ஊற்ற வேண்டும், ஸ்டோரில் ஒரு கேன்கூட இல்லை. இந்த வெயிலில் ஆசிட் விழாத தோல் மாலைக்குள் அழுகத் தொடங்கிவிடும். அவர் போட்ட கோரிக்கையைச் சாஃப்ட்வேர் திருப்பிவிட்டது. உங்களிடம் போதிய இருப்பு உள்ளது என்று காரணம் வேறு.

இருப்பு பேரணாம்பட்டில் இருந்தது. அங்கே ஸ்டோர் பார்க்கும் ஜியாவுல்லா போன வாரம் கேட்டாராம், இவர் கைமாத்தாகக் கொடுத்தாராம். இந்தப் பக்கத்து டேனரிகளில் இன்று நீ, நாளை நான். வாய்ச்சொல் போதும். சாஃப்ட்வேரில் கைமாத்துக்கு ஒரு கட்டம் கிடையாது. நான்கும் தனித்தனிக் கம்பெனி என்பதால் கொடுத்தால் அது விற்பனை. அதற்கு பில், இரண்டு பக்கமும் ஒப்புதல். காலையில் திருப்பிவிடுகிறேன் என்ற ஜியாவுல்லாவை நம்பி இவர் டிரம்மை ஓட விட்டார். ஜியாவுல்லாவுக்கு வர வேண்டிய ஆசிட் லோடோ வரவில்லை.

பக்கத்து டேனரியில் கேளுங்கள் பாய் என்றேன். எங்கள் நான்கு கம்பெனிக்குள் போய்வரும் சரக்குக்கு ஸ்டோர் கீப்பர் கார்டு போதும்; வெளிச் சரக்கென்றால் சாஃப்ட்வேர் கொடுக்கும் நம்பர் இல்லாமல் செக்யூரிட்டி கேட்டுக்குள் விடுவதில்லை. ஆசிட் கடைக்காரரும் அந்த நம்பர் இல்லாமல் சரக்கு ஏற்ற மாட்டாராம்.

எங்கள் ஆபீஸ் மேனேஜர் தனக்கு அதிகாரமில்லை, ஹெல்ப் டெஸ்குக்கு எழுது என்றார். எழுதினேன். முகம் தெரியாத யாரோ, இருப்பை முதலில் பயன்படுத்தவும் என்று பதில் போட்டுப் புகாரை மூடிவிட்டார். மறுபடி திறந்தேன், மறுபடி மூடினார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே சாமி எந்த ஊரில் இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியவில்லை.

மதியம் மறுபடி கவுஸ் பாயின் போன். தோல் வாடை மாறுகிறது என்றார்.

ஒரே ஒரு வழி இருந்தது. கணக்கிலிருக்கும் ஆசிட் முழுவதையும் அந்த டிரம்மிலேயே ஊற்றியதாகப் பதிந்தால் இருப்பு தீரும், ஆர்டர் போகும். ஆனால் ஒரு டிரம்முக்கு இவ்வளவா என்று சாஃப்ட்வேர் கேட்கும். ஸ்டோர் கீப்பரின் கார்டு தானாக முடங்கும். பிறகு விசாரணை, அதாவது திருட்டு விசாரணை.

"வாணாம் பாய். உங்க தலையிலதான் விழும்."

"தோலு போச்சுன்னா ஆர்டரு போச்சு ஃபீபிம்மா. மாதனூர் பஸ்ல வேலைக்கு வர்ற அத்தினி பொம்பளைங்களுக்கும் பேஜாரு. என் பேர்லயே போடு. நான் திருடலன்னு ஜியாவுல்லாவுக்குத் தெரியும், உனக்குத் தெரியும்."

போட்டேன். ஆசிட் வந்தது, தோல் பிழைத்தது.

மறுநாள் கேட்டில் அவர் கார்டு வேலை செய்யவில்லை. மேனேஜரிடம் ஓடினேன். அவருக்கும் உண்மை தெரியும். ஆனால் ஆசிட் திரும்பி வந்ததாகச் சிஸ்டத்தில் பதிவாக வேண்டும், அதுதான் ஆதாரம் என்றார்.

ஆதாரம் அன்றைக்கே வந்தது. ஜியாவுல்லா ஒரு நாள் பிந்தினாலும் சொன்ன சொல் தவறாமல், அத்தனை கேனையும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு தானே வந்துவிட்டார். கேட்டிலிருந்து கவுஸ் பாய் போன் செய்தார். குரலில் சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

"ஃபீபிம்மா, நான் திருடுன ஆசிட்டு வந்துடுச்சு. ஸ்டோர் கீப்பர் கார்டு போட்டாத்தான் உள்ள எடுப்பாங்களாம். இன்னா பண்றது, சொல்லு."

என் திரையில் அவருடைய விசாரணை நோட்டீஸ் வந்து நின்றிருந்தது. அதை அனுப்ப வேண்டியதும் எங்கள் ஆபீஸ்தான்.