இரண்டாவதாகச் சொருகிய டிஸ்க்

லிஃப்ட்காரர் என்றுதான் அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். இருபது வருஷமாக லிஃப்ட் பழுதுபார்ப்பவர். பாதி வழியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டு அலறுகிற ஆளிடம் வெளியிலிருந்தே பேச்சுக்கொடுத்து, சிரிக்கவைத்து, அதற்கப்புறம் கதவைத் திறக்கிற பொறுமைசாலி. அப்படிப்பட்டவருடைய பொறுமையை மூன்றே மாதத்தில் வற்றவைத்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவர் மனைவி, இன்னொருத்தி அவருடைய சொந்தத் தங்கை.

அண்ணியும் நாத்தனாருமாக ஐந்து வருஷமாய் ஒலிப்புத்தகம் தயாரித்து வந்தார்கள். கீழ்வீட்டில் தங்கை குடியிருக்கிறாள். அவளுடைய பின்னறைதான் ஒலிப்பதிவுக் கூடம். சுவரெல்லாம் முட்டை அட்டை, கதவில் ஒரு பழைய மெத்தை. மாடியிலிருந்து அண்ணி இறங்கிவந்து கதையைப் படிப்பாள். கதையில் வருகிற கிழவன், குழந்தை, திருடன், திருடனைத் துரத்தும் நாய் எல்லாம் நாத்தனாரின் தொண்டையிலிருந்து வரும். பிறகு அவற்றைக் கணினியில் வெட்டி ஒட்டிக் கோப்பதும் அவள்தான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு புத்தகத்தில், அண்ணி மூச்சு வாங்குகிற இடங்களை எல்லாம் நாத்தனார் ஒன்றுவிடாமல் வெட்டி எறிந்தாள். அன்றைக்கு ஆரம்பித்தது வினை.

"நாலு மணி நேரம் மூச்சே விடாம பேசறேன். கேக்கறவங்க என்னைப் பேய்னு நினைச்சுக்க மாட்டாங்க?" என்றாள் அண்ணி.

"புயல் அடிக்குதுன்னு நினைக்கறதுக்கு அது பரவாயில்லை அண்ணி" என்றாள் நாத்தனார். சொல்லியிருக்க வேண்டாம். வாய் இருக்கிறதே, அது சொல்லிவிட்டது.

அன்றைக்கே பாகப்பிரிவினை. மைக் ஆளுக்கொன்றாக இரண்டு இருந்தன, பிரச்சினையில்லை. ஐந்து வருஷத்துப் பதிவுகள் அத்தனையும் இருந்த ஹார்ட் டிஸ்க்தான் ஒன்றே ஒன்று. நடுவில் நின்ற லிஃப்ட்காரர், அதே கம்பெனியில் அதே நிறத்தில் இன்னொரு டிஸ்க் வாங்கிவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அச்சு அசலாக நகல் எடுத்தார். ஒன்றில் சிவப்பு டேப், ஒன்றில் பச்சை டேப் ஒட்டி ஆளுக்கொன்று கொடுத்தார். மனைவிக்குச் சிவப்பு, தங்கைக்குப் பச்சை. எனக்கு ஒரு துளி குறைந்தது என்று இரண்டு பேரும் சொல்லவில்லை. இந்தச் சண்டையில் யாரும் அவரைக் குறைசொல்லாத ஒரே காரியம் அதுதான். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

சண்டைக்கு முன்பே ஒப்புக்கொண்ட பன்னிரண்டு புத்தகங்களில் முதலாவது பாக்கி நின்றது. பதிப்பகத்து அம்மாள் கறார். "உங்க வீட்டுச் சண்டை உங்களோட. எனக்கு ரெண்டு குரலும் வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு ஃபைல் வரலைன்னா, மிச்சம் இருக்கற பதினோரு புத்தகத்தையும் வேற ஆளுங்ககிட்ட குடுத்துடுவேன்." எனவே அண்ணி மாடியில் துணி அலமாரிக்குள் ஒரு இரவல் லேப்டாப்போடு உட்கார்ந்து கதையைப் படித்துச் சிவப்பு டிஸ்க்கில் ஏற்றினாள். நாத்தனார் கீழே பாத்திரங்களுக்குக் குரல் கொடுத்துப் பச்சையில் ஏற்றினாள். இனி இரண்டையும் ஒரே கணினியில் செருகிக் கோக்க வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, அரைநாள் லீவு போட்டுவிட்டு லிஃப்ட்காரர் அந்தப் பின்னறையில் நின்றுகொண்டிருந்தார். வலதுபக்கம் மனைவி, இடதுபக்கம் தங்கை. இரண்டு பேரும் அவர் வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

தங்கை பச்சையைச் செருகினாள். கணினி 'டிங்' என்றது, ஜன்னல் திறந்தது, ஃபைல்கள் வரிசையாக வந்து நின்றன. அடுத்து மனைவி சிவப்பைச் செருகினாள். 'டிங்' என்றது. விளக்கு எரிந்தது. உள்ளே டிஸ்க் சுற்றுகிற முனகலும் கேட்டது. திரையில் மட்டும் ஒன்றையும் காணோம்.

"அண்ணா, உன் பொண்டாட்டி டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லு."

"உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க, காலையில இரவல் லேப்டாப்பைத் திருப்பிக் குடுக்கறவரைக்கும் மாடியில ஓடிச்சுன்னு."

"அவ காதுல விழுந்துடுச்சும்மா" என்றார் லிஃப்ட்காரர்.

மனைவி விடுவாளா? பச்சையைப் பிடுங்கி மேஜைமேல் வைத்துவிட்டுச் சிவப்பை மட்டும் செருகினாள். ஜம்மென்று திறந்தது. அண்ணி படித்த இருபத்திரண்டு அத்தியாயமும் இருந்தன. "இப்ப அவளோடதைச் சொருகச் சொல்லுங்க" என்றாள். தங்கை பச்சையைச் செருகினாள். 'டிங்'. விளக்கு. முனகல். திரையில் ஒன்றுமில்லை.

"இப்ப எது செத்துப்போச்சாம்? கேட்டுச் சொல்லுங்க."

தங்கையும் விடவில்லை. "அண்ணா, அந்தச் சிவப்புல ஏதோ வைரஸ் இருக்கு. என்னோடதையும் கெடுத்துடுச்சு" என்று ஆரம்பித்துவிட்டாள். கணினியை அணைத்துப் போட்டார்கள். ஒருமுறை பச்சை தெரிந்தது, ஒருமுறை சிவப்பு தெரிந்தது. எது தெரிந்ததோ அந்தக் கட்சி கைதட்டாத குறை. ஒன்றைக் கணினிக்குள் இறக்கி வைத்துக்கொண்டு மற்றதைச் செருகலாம் என்றால், அந்தப் பழைய கணினியின் வயிற்றில் ஒரு அத்தியாயத்துக்குக்கூட இடமில்லை.

மணி மூன்றரை. லிஃப்ட்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பதினோரு புத்தகம் போனால் போகட்டும். ஆனால் இந்தப் புத்தகங்கள்தானே இரண்டு பேரையும் எப்போதாவது ஒரே அறைக்குள் கொண்டுவந்து நிறுத்துகின்றன? அதுவும் போய்விட்டால் இந்த மெத்தைக் கதவை ஒரேயடியாகப் பூட்டிவிடுவார்கள். மாடிக்கும் கீழுக்கும் தூது போய்த் தேய்ந்தே தன் காலம் முடிந்துவிடும் என்று நினைத்தபோது அவருக்கு அழுகையே வந்தது.

"ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி உக்காருங்க. இது நின்னுபோன லிஃப்ட்னு நினைச்சுக்கறேன்" என்றார்.

லிஃப்டில் அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான். ஒரு தடவைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். கதவையும் பொத்தானையும் கம்பியையும் ஒரேயடியாக மாற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது. சட்டைப்பையிலிருந்த பழைய சர்வீஸ் தாளைத் திருப்பி, பேனாவை எடுத்தார். முதலில் கேபிளை மட்டும் மாற்றிப் பார்த்தார். அதேதான். பிறகு செருகுகிற துளையை மட்டும் மாற்றினார். அதேதான். அடுத்து, ஒரு அத்தியாயம்கூடக் கொள்ளாத தங்கையின் குட்டி பென் டிரைவைப் பச்சையோடு சேர்த்துச் செருகினார். இரண்டும் தெரிந்தன. சிவப்போடு சேர்த்தும் செருகினார். அப்போதும் இரண்டும் தெரிந்தன. ஆக, துளையில் குற்றமில்லை, கேபிளில் குற்றமில்லை, இரண்டு டிஸ்க்கிலும் குற்றமில்லை. தாளை ஒருமுறை மேலிருந்து கீழாகப் படித்தார். சிவப்பும் பச்சையும் சேர்ந்து வருகிற வரிகளில் மட்டும், முதலில் செருகியது தெரிகிறது, இரண்டாவதாகச் செருகியது தெரியவில்லை. யாருடையது என்கிற கேள்வியே அங்கே இல்லை.

"எனக்குத் தெரியும், அவளோடதுதான்" என்றாள் மனைவி.

"எனக்குத் தெரியும், அவங்களோடதுதான்" என்றாள் தங்கை.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க" என்றார் லிஃப்ட்காரர். கல்யாணமான பதினாலு வருஷத்தில் அவர் இப்படிப் பேசியதில்லை.

பச்சையை முதலிலும் சிவப்பை இரண்டாவதாகவும் செருகிவிட்டு, கணினியில் டிஸ்க்குகளுக்கான நிர்வாகப் பக்கத்தைத் தேடித் திறந்தார். பச்சை அங்கே நன்றாக இருந்தது. அதற்குக் கீழே சிவப்பும் இருந்தது! கணினி அதைப் பார்த்திருக்கிறது, ஆனால் உள்ளே விடாமல் 'ஆஃப்லைன்' என்று வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கிறது. அதன்மேல் அம்புக்குறியைக் கொண்டுபோய் வைத்ததும் காரணம் எழுந்து வந்தது. இந்த டிஸ்க்கின் அடையாள எண்ணும் ஏற்கெனவே உள்ளே இருக்கிற இன்னொரு டிஸ்க்கின் அடையாள எண்ணும் ஒன்றே, அதனால் இதை அனுமதிக்கவில்லை.

லிஃப்ட்காரர் நாற்காலியில் சாய்ந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. ஃபைல்களை மட்டும் நகல் எடுத்திருந்தால் போதும். ஒரு துளி குறையக் கூடாது என்று, புள்ளி புள்ளியாக, டிஸ்க் பிறக்கும்போது இட்ட எண்ணையும் சேர்த்து உரித்து வைத்தவர் அவர்தான். பாவம், கணினி என்ன செய்யும்? ஒரே ஆள் இரண்டாவது தடவை உள்ளே வருகிறேன் என்றால் அது நம்புமா?

சரிசெய்வது ஒரு நிமிஷ வேலை. சிவப்பின்மேல் வலது கிளிக் செய்து 'ஆன்லைன்' என்று கொடுத்தால், கணினியே அதற்குப் புது எண் போட்டு உள்ளே விட்டுவிடும். சத்தமில்லாமல் செய்துவிட்டு, கேபிள் லூஸாக இருந்தது என்று சொன்னால் தலை தப்பும். இரண்டு பேரும் அவரைக் கொண்டாடுவார்கள். விரல் சுட்டியின்மேல் போய்விட்டது.

ஆனால் கேபிள் லூஸ் என்றால், அது யாருடைய கேபிள் என்று அடுத்த நிமிஷமே ஆரம்பிப்பார்கள். தப்பு இந்த அறையில் எங்கே கிடந்தாலும் மனைவி அதைத் தூக்கித் தங்கை தலையிலும், தங்கை தூக்கி மனைவி தலையிலும் போட்டுவிடுவார்கள். வேறு தலைக்குத் தூக்கிப் போட முடியாதபடி தப்பு தங்கக்கூடிய தலை ஒன்றுதான் இருக்கிறது, அவருடையது. மூன்று மாதமாக ஒருவரும் குறைசொல்லாத அந்த ஒரே காரியத்தை விட்டுக்கொடுக்க அவருக்கு மனசே வரவில்லை. மணியைப் பார்த்தார். நாலு பத்து.

"தப்பு என்னோடது" என்றார்.

இரண்டு பேரும் திரும்பினார்கள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். ஒரே எண், நகல், ஞாயிற்றுக்கிழமை, எதையும் விடவில்லை. "உங்க ரெண்டு பேர் மேலயும் தப்பு இல்லை, ரெண்டு டிஸ்க் மேலயும் தப்பு இல்லை. நான்தான் சொதப்பிட்டேன்" என்று முடித்தார்.

பிடித்துக்கொண்டது திட்டு மழை.

"எந்த மனுஷனாவது ரெண்டு பிள்ளைக்கு ஒரே பேர் வைப்பானா?" என்றாள் மனைவி.

"ஒரு மணி நேரமா எங்களை அடிச்சுக்க விட்டுட்டு வேடிக்கை பாத்தியா நீ?" என்றாள் தங்கை.

"எதைத் தொட்டாலும் இப்படித்தான். மாடியில பாத்ரூம் லைட்டைப் போட்டா ஹால்ல ஃபேன் சுத்துது. இவர் ரிப்பேர் பண்ணினது!"

"அதையாவது விடுங்க அண்ணி. என் வீட்டு காலிங் பெல்லைச் சரிபண்றேன்னு வந்தான். இப்ப எதிர்வீட்டுல அழுத்தினா இங்க அடிக்குது. நான் ஓடி ஓடிப் போய்க் கதவைத் திறக்கறேன்!"

"அய்யய்யோ, அது இவர் வேலையா? நான் உன் வீட்டுக்கு அடிக்கடி யாரோ வராங்கன்னு இல்ல நினைச்சேன்!"

"யார் வரா அண்ணி என் வீட்டுக்கு? நீங்களே வரதில்லை."

சொன்ன பிறகுதான் தங்கைக்கு உறைத்தது. மனைவிக்கும் உறைத்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துவிட்டு, சட்டென்று இன்னும் பலமாக லிஃப்ட்காரரைத் திட்ட ஆரம்பித்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டார். சிரிப்பு தெரிந்தால் காரியம் கெட்டுவிடும்.

"இப்ப நான் ஒண்ணு அழுத்தணும்" என்றார் மெல்ல. "ரெண்டாவதா சொருகின டிஸ்க்குக்குப் புது நம்பர் வரும். உள்ளே இருக்கறது ஒண்ணும் ஆகாது."

"ரெண்டாவது எது?" என்று கேட்டாள் தங்கை.

"சிவப்பு."

"தொடாதே அண்ணா! அண்ணி அலமாரிக்குள்ள வெந்துகிட்டு இருபத்திரண்டு அத்தியாயம் படிச்சிருக்காங்க. உன்னை நம்பி அதைக் குடுக்க முடியாது. என்னோடதை ரெண்டாவதா சொருகி, அதுல உன் வித்தையைக் காட்டு."

"வேணாங்க. அவ தொண்டை கிழிய நாய்க்கெல்லாம் குரைச்சு வெச்சிருக்கா. மாடிவரைக்கும் கேட்டுச்சு. அது போச்சுன்னா திரும்ப வருமா? என்னோடதையே மாத்துங்க."

"சும்மா இருங்க அண்ணி, உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

"நீ சும்மா இருடி, உனக்கு எல்லாம் தெரியுமா?"

இது புதுச் சண்டை. கேட்கக் காது குளிர்ந்தாலும் மணி நாலு இருபது. லிஃப்ட்காரர் இரண்டு பேரையும் கேட்காமல் வலது கிளிக் செய்து 'ஆன்லைன்' என்று அழுத்தினார். பச்சையின் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே சிவப்பின் ஜன்னலும் திறந்தது. அத்தியாயம் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்திரண்டும் முழுசாக இருந்தன.

அடுத்த நொடியே அவருடைய நாற்காலி போய்விட்டது. தங்கை உட்கார்ந்துகொண்டாள், மனைவி ஸ்டூலை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அத்தியாயத்தின் பெயரை ஒருத்தி சொல்லச் சொல்ல இன்னொருத்தி இழுத்துப் போட்டாள். நாலு ஐம்பத்திரண்டுக்கு ஃபைல் போய்ச் சேர்ந்தது. 'வந்தது. அடுத்த புத்தகம் திங்கட்கிழமை அனுப்புகிறேன்' என்று பதிப்பகத்து அம்மாளிடமிருந்து பதில் வந்தது.

"நான் வேணா அந்தக் காலிங் பெல்லை இப்பவே..." என்று ஆரம்பித்தார் லிஃப்ட்காரர்.

"வெளியே போங்க!" என்றார்கள் இரண்டு பேரும்.

போனார். மெத்தைக் கதவைச் சாத்திவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்தார். எத்தனை முட்டை அட்டை ஒட்டி என்ன, உள்ளே பேசுவது கேட்கத்தான் செய்தது. அவரைப் பற்றித்தான் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சமையலறைக் குழாய், கேட்டுப் பூட்டு, ரேடியோ என்று வரிசையாக அவர் கைவைத்துக் கெடுத்ததை எல்லாம் எடுத்துப் போட்டுச் சிரித்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் அவரும் கூடவே சிரித்தார். பிறகு மனைவியின் குரல் கொஞ்சம் தணிந்தது.

"திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வரட்டும்?"

"பத்து மணிக்கு வாங்க அண்ணி. அண்ணனை வேலைக்கு அனுப்பிட்டு வாங்க."

லிஃப்ட்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமே வராமல் மாடிக்கு ஏறிப் போனார்.