லிஃப்ட்டைப் பிடித்த மோவாய்

மூக்குக்கண்ணாடிக் கடை அக்காவின் மோவாய் சுருங்கும்போதெல்லாம் அந்த ஆறு மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் நின்றது. மோவாய் தளர்ந்ததும் விட்ட இடத்திலிருந்து கிளம்பியது. கட்டடத்துக்காரர்கள் இதைக் கண்டுபிடிக்கச் சில மாதங்கள் ஆயின. அதுவரை பழியெல்லாம் லிஃப்ட் மெக்கானிக் தலையில்தான் விடிந்தது. அவர் அக்காவின் கணவர் என்பதால், பழி எப்படியும் ஒரே வீட்டுக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்தது என்று சொல்ல வேண்டும்.

எல்லாம் முகவாதத்தில் தொடங்கியது. ஒருநாள் காலையில் அக்கா பல் தேய்த்து வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானாக வழிந்தது. இடது கண் மூட மறுத்தது. முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது, மாத்திரை சாப்பிடுங்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுங்கள், மெல்லத் திரும்பி வரும், பொறுமையாக இருங்கள் என்றார் டாக்டர். மெக்கானிக்குக் கடைசிச் சொல் மட்டும் பிடிக்கவில்லை. துருப்பிடித்ததை ஓட்டி ஓட்டித்தான் சரிசெய்ய வேண்டும் என்பது அவர் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். "அடி மேல அடி வச்சா அம்மியும் நகரும், இது என்ன பிசாத்து கன்னம்" என்று தினமும் காலையில் மனைவியைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்து, கண்ணை இறுக்கு, உதட்டைக் குவி, கன்னத்தை ஊது, இன்னும் பலமா, இன்னும் பலமா என்று வேலை வாங்கினார். அவளுக்குக் கூச்சமாக இருக்கக் கூடாதென்று தானும் பக்கத்தில் உட்கார்ந்து அத்தனை கோணலையும் செய்தார். பால்காரர் ஒருமுறை ஜன்னல் வழியாக இதைப் பார்த்துவிட்டு, பாலை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார். அவ்வளவும் அன்புதான், யாரும் குறை சொல்ல முடியாது.

நரம்பு திரும்பி வந்தது. பசியோடு வந்தது, கண்ட கதவையெல்லாம் தட்டியது. கண்ணுக்குப் போக வேண்டிய இழை மோவாய்க்குள் புகுந்துகொண்டது. அக்கா கண்ணை மூடினால் மோவாய் ஆரஞ்சுத் தோல் மாதிரி குழிகுழியாகச் சுருங்கி மேலே ஏறியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. காலைப் பயிற்சி விடாமல் நடந்ததால், முகத்தில் இடம் போதாமல் நரம்பு வெளியே கிளம்பி லிஃப்ட்டில் போய் முடிந்தது. தூங்கும்போது முகம் முழுக்கத் தளர்ந்திருப்பதால் லிஃப்ட்டும் சும்மா இருந்தது. விழித்திருக்கையில் அவள் இமைத்தால் லிஃப்ட் விக்கியது. தும்மினால் இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டது.

ஐந்தாம் மாடிப் பல் டாக்டர்தான் கண்டுபிடித்தவர். மூன்றாம் மாடியில் அக்காவின் கடைக்கு வந்து ஃபிரேம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கண்ணில் தூசி விழுந்து கண்ணை மூடியதும், எதிரே லிஃப்ட்டுக்குள்ளிருந்து அவருடைய நோயாளி ஒருவர் அலறினார். கண் திறந்ததும் அலறல் மேலே போனது. பல் டாக்டர் இன்னொருமுறை மூடச் சொன்னார். இன்னொருமுறை அலறல் கேட்டது. விஷயம் பரவியது. வெங்காயம் விலை ஏறிய செய்தியைப் போல அதையும் இரண்டு நாள் பேசினார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். அவசரக்காரர்கள் கடைக்குள் தலையை நீட்டி, "அக்கா, அஞ்சாவது மாடிக்குப் போறேன், கொஞ்சம் சிமிட்டாம இருங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார்கள்.

பயம் வந்தது வேறொரு நாளில். மெக்கானிக் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, லிஃப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறி நின்று கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். கடையில் யாரோ சொன்ன நகைச்சுவைக்கு அக்கா கண் இடுங்கச் சிரித்தாள். மோவாய் பிடித்தது, விட்டது. விட்ட மாத்திரத்தில், மின்சாரமே இல்லாத பெட்டி ஒரு கை நீளம் மேலே எழும்பியது. அவர் கையை இழுத்துக்கொண்டார். கையிலிருந்த ஸ்பேனர் மாட்டிக்கொண்டது. சாயங்காலம் வளைந்துபோன அந்த ஸ்பேனரை அடுப்படி அலமாரியில் வைத்துவிட்டு, கை கழுவப் போனார். அக்கா அதைக் கையில் எடுத்துப் பார்த்து, தான் சிரித்த நேரத்தைக் கணக்குப் போட்டாள்.

அன்றிலிருந்து அவள் தன் முகத்துக்கே பயந்தாள். சிரிப்பை விட்டாள். அவர் லிஃப்ட் குழிக்குள் இறங்கும் நேரங்களில் கண்ணில் நீர் கொட்டக் கொட்ட இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். என் புருஷனை நானே கொன்றுவிடுவேன் என்ற நினைப்பு சோற்றிலும் தண்ணீரிலும் கூடவே இறங்கியது.

"இந்த வேலைய விட்டுடுங்க" என்றாள்.

"நான் விட்டா இன்னொருத்தன் வருவான். அவனும் அந்தக் கூரைமேலதான் ஏறி நிக்கணும். அவனுக்கும் வீட்டுல ஒருத்தி இருப்பா."

முகத்தைத்தான் சரிசெய்தாக வேண்டும் என்று ஆனது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அங்கே முகப்பயிற்சி கொடுக்கும் அம்மாள் கண்டிப்பானவர். வீட்டில் என்ன பயிற்சி செய்தீர்கள் என்று கேட்டு, பதிலைக் கேட்டதும் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "யாரு சொல்லிக் குடுத்தது இதெல்லாம்?" என்றார். மெக்கானிக் திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல் மேலே மின்விசிறியைப் பார்த்தார். பலமாகச் செய்யச் செய்ய நரம்பு தப்பான வழியைத்தான் உறுதியாகப் படிக்கும் என்று அந்த அம்மாள் விளக்கினார். இனி கண்ணை மெதுவாக மூட வேண்டும். மோவாய் அசையப் போகிறதென்று கண்ணாடியில் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். விரலால் மோவாயைக் கீழ்நோக்கி நீவிவிட வேண்டும். கூடவே டாக்டர் மோவாய்த் தசையில் மெல்லிய ஊசியால் மருந்து போடுவார், சில நாளில் தசை தளரும், சில மாதத்தில் மருந்தின் வேகம் தீர்ந்துவிடும், திரும்பப் போட வேண்டும். லிஃப்ட்டைப் பற்றி அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "சிலருக்குக் கழுத்து வரைக்கும் போகும். உங்களுக்கு லிஃப்ட் வரைக்கும் போயிருக்கு" என்று சொல்லிவிட்டு, அடுத்தவரைக் கூப்பிட்டார் அந்த அம்மாள்.

மருந்து வேலை செய்தது. மோவாய் வழவழவென்று ஆனது, லிஃப்ட் மற்ற லிஃப்ட்டுகளைப் போல ஓடியது. அக்கா மறுபடி சிரித்தாள். வளைந்த ஸ்பேனர் பழைய இரும்புக்குப் போனது.

பிறகு கம்பிவடம் மாற்றும் நாள் வந்தது. பெட்டியை நான்காம் மாடி உயரத்தில் சங்கிலியில் தொங்கவிட்டு, பழைய வடத்தைக் கழற்றிவிட்டு, மெக்கானிக் கூரைமேல் நின்றிருந்தார். சங்கிலியின் கொக்கி விரிந்தது. விழும் பெட்டியைப் பிடிக்க வேண்டிய பிடியும் பிடிக்கவில்லை. கடையில் ஃபிரேம் துடைத்துக்கொண்டிருந்த அக்கா, எதிரே வலைக்கதவுக்கு அப்பால் பெட்டி கீழே போவதையும், அதன்மேல் கணவரின் முகம் போவதையும் பார்த்தாள். கண்ணை மூடினாள்.

மோவாய் அசையவில்லை. கற்றுக்கொண்டபடி கண் தனியாக, அழகாக மூடியது. அந்தக் கணத்தில் அவள் அந்த அம்மாள் தடுத்ததையெல்லாம் செய்தாள். கண்ணை இறுக்கினாள், உதட்டைக் குவித்தாள், கன்னத்தை ஊதினாள், இன்னும் பலமாக, இன்னும் பலமாக. ஊசி தொடாத ஓர் இடம், கடுகளவு, இடது ஓரத்தில் விழித்துக்கொண்டது. கீழே இரும்பு கிறீச்சிட்டது. பிறகு சத்தமே இல்லை.

"இருக்கீங்களா?" என்றாள், பல்லைக் கடித்தபடி. பதில் இல்லை. கண்ணைத் திறந்து பார்க்கவும் முடியாது. மறுபடி கத்தினாள்.

"இருக்கேன்" என்று குழிக்குள்ளிருந்து குரல் வந்தது. "கண்ணத் திறந்துடாதே!"

பல் டாக்டரும் நான்காம் மாடிக் கணக்குப்பிள்ளையும் பெட்டிக்கு அடியில் முட்டுக் கொடுக்க மரக்கட்டைகளைத் தேடி ஓடினார்கள். மருந்து அவள் மோவாயைக் கீழே இழுத்தது. ஒரு மயிரிழை தளர்ந்தது. கீழே அவர் அலறினார். இரண்டு கட்டைவிரலாலும் மோவாயை மேலே தள்ளிப் பிடித்துக்கொண்டாள். இருட்டுக்குள் அவளுக்கு இருந்தது அந்தக் கடுகளவு தசை ஒன்றுதான். அது துடித்தது, களைத்தது. அவள் அதனிடம் கெஞ்சினாள். கீழே கட்டை அடுக்கும் சத்தமும், பிறகு அவரைக் குழியிலிருந்து இழுத்தேற்றும் சத்தமும் கேட்டன. கடைசியில் கிரீஸ் வாடை அடிக்கும் விரல் ஒன்று அவள் மோவாயைத் தொட்டது.

"போதும்மா, விடு."

விட்டாள். பெட்டி கீழே கட்டைகளின்மேல் பொத்தென்று உட்கார்ந்தது.

அடுத்த ஊசியின்போது இடது ஓரத்தில் ஓர் இடத்தை விட்டுவிடும்படி அக்கா கேட்டாள். காரணத்தைச் சொன்னதும் டாக்டர் அந்த இடத்தைப் பேனாவால் குறித்துக்கொண்டு மற்ற இடங்களில் போட்டார். வருஷத்துக்கு ஒருமுறை லிஃப்ட்டைச் சோதிக்க வரும் அதிகாரி, வடத்தைப் பார்த்து, பிடியைப் பார்த்து, பிறகு மூன்றாம் மாடிக் கடைக்கு வந்து அக்காவைக் கண்ணை இறுக்கச் சொல்கிறார். லிஃப்ட் நிற்கிறது. சரி என்று அடுத்த கட்டடத்துக்குப் போகிறார்.

அக்காவின் பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கூரைமேல் ஏறும் நாளில் மெக்கானிக் முதலில் குழிக்குள்ளிருந்து குரல் கொடுக்கிறார்: "இருக்கியா?" அக்கா கையிலிருக்கும் ஃபிரேமைக் கீழே வைத்துவிட்டு, விரலால் மோவாயின் இடது ஓரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொள்கிறாள்.

"இருக்கேன், ஏறுங்க."